கட்டஞ்சாயா கேட்டவர்

பால் பண்ணைகளின் வரவு செலவை ஆராய்வதே தன் உத்தியோகம் என்று அவர் எங்கள் தொழுவத்துக்கு வந்தார். செருப்பில் சாணி படாமல் நடந்தார். பால் காப்பியைத் தள்ளிவிட்டுப் பால் விடாத கட்டஞ்சாயா கேட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. என் பேச்சைக் கேட்டுக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலையை விட்டு மாடு பார்க்கும் மகளின் மனத்தைக் கலைத்துவிடுவாரோ?

"பொண்ணுக்குக் கணக்குல என்ன கூலி போட்டீங்க?"

"ஊட்டுப் புள்ளைக்குக் கூலி எதுக்குங்க?"

"அதையும் போட்டாப் பண்ணை நஷ்டமுங்க. நீங்க லாபங்கறது அவங்க கூலிதானுங்க."

மகள் தலைகுனிந்து நின்றாள். அவர் போன பிறகு, வரச்சொன்னதே தான்தான் என்றாள்.

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன, சாமி?"

"ஏனுங்கப்பா, நாஞ்சொன்னா நம்புவீங்களா?"

அவரையும் நான் நம்பவில்லை. ஆனால் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அவர் சொன்னதே வருகிறது.