எங்கள் வீட்டுக்கு ஒரு நரம்பு டாக்டர்

திண்டிவனத்தில் கல்யாணமான பெண் தெருவில் நின்று கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. "நல்ல நரம்பு டாக்டர் யாராவது தெரியுமா?" என்பது அதில் ஒன்று என்று அன்று காலை வரை எனக்குத் தெரியாது.

நான் கேட்டது நாய்க்காக. எங்கள் நாய் உடம்பு நீளமும் கால் குட்டையுமான ஜாதி. கட்டிலிலிருந்து குதிக்காதே என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்தேன். என் வீட்டுக்காரர் உட்பட அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிறவர் யாருமில்லை. முந்தின நாள் சாயங்காலம் குதித்துவிட்டது. காலையில் முன்னங்கால்கள் மட்டும் நடந்து சமையலறைக்கு வந்தன. பின்னங்கால்கள் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தன. பாலைக் காட்டினேன். வால் ஆடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

எங்கள் ஊர் கால்நடை டாக்டர் பெரும்பாலும் கறவை மாடு பார்க்கிறவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அபூர்வ மனிதர். முதுகைத் தடவிப் பார்த்தார்.

"முதுகெலும்புல நரம்பு நசுங்கிக்கினு இருக்குதும்மா. இதுக்கு ஸ்கேன் எடுக்கணும், ஆபரேசன் பண்ணணும். மெட்ராஸ்ல நாய்ங்களுக்குன்னே நரம்பு பாக்குற டாக்டருங்க இருக்காங்க. நான் விசாரிச்சி போன் பண்றேன், நீங்களும் விசாரிங்க. ஜல்தியா போயிடணும். லேட் ஆனா கால் வராது."

எதிர் வீட்டு அக்காவின் மகன் சென்னையில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று ஓடினேன்.

"அக்கா, நல்ல நரம்பு டாக்டர் யாராவது தெரியுமா?"

அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என் கையைப் பிடித்து கேட்டுக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வூட்லயா?"

"ஆமாங்கா. நேத்து சாயங்காலத்துல இருந்து. தொட்டா உணர்ச்சியே இல்ல. பாக்கவே பாவமா இருக்குது."

"மனச வுட்றாதம்மா. விழுப்புரத்துல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு மாசத்துல ஒருநாள் ஒருத்தர் வர்றாரு. எங்க கொழுந்தனாரு ரகசியமா போய்க்கினு இருந்தாரு. இப்ப ரெண்டு புள்ள."

நாய் நடப்பதற்கும் கொழுந்தனாருடைய பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்த அவசரத்தில் யோசிக்கவும் தோன்றவில்லை.

"லாட்ஜுல நாயெல்லாம் உள்ள வுடுவாங்களா அக்கா?"

அக்கா முகம் மாறிவிட்டது. "இன்னா கோவம் இருந்தாலும் கட்டின புருசன அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

அப்போதுதான் உறைத்தது. விழுப்புரம் போகிற வழியில் பாதி சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று பெயிண்டில் கேட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வியாதிதான். நாய்க்குத்தான் அக்கா, நாய்க்குத்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா "சரிம்மா, சரிம்மா" என்றாள். நம்பவில்லை. நாய்க்கு நரம்பு டாக்டர் என்பதை நம்புவதைவிட என் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மாட்டு டாக்டரே சென்னை விலாசத்தை விசாரித்துச் சொன்னார். வாடகைக் கார் வருவதற்குள் எங்கள் வாசலுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரையும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஊறவைத்தது ஒரு கிண்ணமும் வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரர் மல்லாட்டையை மென்றுகொண்டே, "நாய்க்கு ஒண்ணுன்னா இந்தத் தெருவே துடிக்குது பாரு" என்று நெகிழ்ந்தார். விஷயத்தை அவருக்கு மயிலம் தாண்டி... இல்லை, அது எதிர்த் திசை. மதுராந்தகம் தாண்டித்தான் சொன்னேன். மனிதர் செங்கல்பட்டு வரை மல்லாட்டை ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட மாட்டார். 'சனியன்' என்பார். "சனியனுக்குப் போய் மெட்ராஸா" என்று காலையில் கேட்டவரும் அவர்தான், சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு லீவு போட்டவரும் அவர்தான். முதுகு வளையக் கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்ததால், ஹாஸ்டலுக்குப் போன எங்கள் மகள் விட்டுச்சென்ற கேரம் போர்டில் நாயைக் குறுக்காகப் படுக்கவைத்து, பின் சீட்டில் அதை மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவருக்குத் திட்டு விழுந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயது. நாயின் பின்னங்கால் விரலைக் கிடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. "இழுக்குது! இழுக்குது!" என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம்.

"அது கணக்கில்லைங்க" என்றார் அவர். "கால் தானாவே இழுத்துக்கும். வலிக்குதுன்னு மூளைக்குத் தெரியணும். அவன் திரும்பிப் பார்க்கணும், கத்தணும், கடிக்கணும். அப்படி ஏதாவது செஞ்சா ஆபரேஷன்ல நடக்க நல்ல சான்ஸ். இல்லைன்னா ரொம்பக் கஷ்டம்."

மறுபடி அழுத்தினார். நாய் சுவரைப் பார்த்தது. எங்கள் வீட்டில் தோசைக்கல் சத்தத்துக்கே ஊளையிடுகிற நாய்.

மயக்க ஊசி போட்டு ஸ்கேனில் இடத்தைப் பார்த்துவிடலாம், மயக்கம் தெளிந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். மிஷின் முழுக்கக் காந்தம், உடம்பில் இரும்பு, செம்பு எதுவும் இருக்கக் கூடாது என்று கழுத்துப்பட்டையைக் கழற்றினார்கள். அடியில் கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து. நான் கட்டவில்லை. சாமி படத்துக்கு ஒரு பூ வைக்காத என் வீட்டுக்காரர் அந்த நேரம் சுவரிலிருந்த பூனைப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். தண்டுவடம் நீளமாகப் போகிறது; நடுவில் ஒரு இடத்தில் எலும்புக்கு இடையிலிருந்து ஏதோ பிதுங்கி அதை அழுத்துகிறது. மிளகு அளவுகூட இருக்காது.

"எங்க அழுத்துதுன்னு படம் சொல்லிடும்" என்றார் டாக்டரம்மா. "உணர்ச்சி மிச்சம் இருக்கான்னு அவன்தான் சொல்லணும்."

மயக்கம் தெளிகிற வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடிக்காதே, கடிக்காதே என்று ஆறு வருடம் அதை வளர்த்தவள் நான். இப்போது யாரையாவது கடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் "சும்மா இரு" என்றார். கேரம் போர்டில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். தலையை அவர் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா இடது கால் விரலை அழுத்தினார். ஒன்றுமில்லை. வலது கால். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நாயின் காது பின்னால் போனது. "வள்" என்று தலையைத் திருப்பி, எதிரே கிடைத்த என் வீட்டுக்காரர் கட்டைவிரலில் பல்லைப் பதித்துவிட்டது.

"போதும்!" என்று டாக்டரம்மா கிடுக்கியைக் கீழே போட்டார். "ஆபரேஷன் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்றேன். சார், கையைக் கழுவுங்க, உங்களுக்கும் ஊசி போடணும்."

அவர் கழுவவில்லை. ரத்தம் சொட்டுகிற விரலை என்னிடம் நீட்டி, "கடிச்சிட்டாண்டி! பாத்தியா, எம்மாம் ஆழமா கடிச்சிட்டான்!" என்று தேம்பித் தேம்பி அழுதார். பிறகு குனிந்து, இன்னொரு கையையும் அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எங்க, இன்னொருவாட்டி கடிடா ராசா."