ஹாட்னர் மறுகாதான்

அம்மா இந்த மாசியில் இறந்தார். மாரடைப்பு. மரண அறிவித்தலில் "வள்ளம் கட்டும் தொழிலாளி" என்று போடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் அது அப்பாவின் தொழிலா என்று கேட்டார். இல்லை. அப்பா மீன்பிடித்தவர். வள்ளம் கட்டியது அம்மாதான். அவர் பெயர் அழகுப்பிள்ளை.

நாங்கள் கிழக்குக் கரையில், நாவலடியில் இருந்தோம். சுனாமி அப்பாவையும் தம்பியையும் வீட்டையும் கொண்டுபோனது. அன்று சுகமில்லாத பெரியம்மாவைப் பார்க்க அம்மா வவுணதீவுக்குப் போயிருந்தார். நான் மொரட்டுவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் உடல் கிடைத்தது. தம்பியைத் தேடி அம்மா முகாம் முகாமாக நடந்தார். பிறகு நடப்பதை நிறுத்தினார். எங்களில் மிஞ்சியது இரண்டு பேர்.

அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாவிக்கரையில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறை போட்டது. அம்மாவைச் சமையலுக்கு எடுத்தார்கள். எங்கும் வீடு கட்டும் வேலை நடந்த காலம். ஆண்களுக்கு அங்கே கூலி கூட. பட்டறையில் யாரும் நிலைக்கவில்லை. சமைக்க வந்த பெண்களே வள்ளம் வார்க்கும் அச்சடிக்குப் போனார்கள்.

வேலை இதுதான். வள்ளத்தின் அச்சில் கண்ணாடி நார்ப் பாயை விரிக்க வேண்டும். அதை மெற் என்பார்கள். அதன்மேல் ரெசின் என்ற பிசினைப் பூசி, ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரெசினை இறுக வைப்பது ஹாட்னர். கலந்த உடனே ரெசின் இறுகத் தொடங்கும் என்பதால் மற்றதெல்லாம் ஆயத்தமான பிறகுதான் அதைக் கலக்கலாம். அளவு கூடிப்போனால் ரெசின் கொதித்து வெடிக்கும், தீயும் பிடிக்கலாம்.

விடுமுறைக்கு வந்தால் நானும் அங்கே போவேன். மதியம் பெண்கள் அச்சுக்குப் பக்கத்திலேயே வட்டமாக இருந்து சாப்பிடுவார்கள். அம்மாவின் கூட்டாளி செல்லத்தங்கத்துக்கு வாய் ஓயாது.

"ஏன்கா மச்சி, கறிக்கும் ஹாட்னர் விட்டயா? கிழங்கு கல்லா இரிக்கி."

"வாய மூடிற்றுத் தின்னுகா. இறுகிறதெண்டா உன்ர வாய்தான் முதல்ல இறுகணும்."

சுனாமிக்குப் பின் அம்மா சிரித்ததை நான் அங்கேதான் பார்த்தேன். வீட்டில் ஒரு நாளும் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் நிறுவனம் கிளம்ப ஆயத்தமானது. கொடுக்க வேண்டிய வள்ளங்களைக் கொடுத்துவிட்டார்கள். அவற்றை இனி யார் பழுதுபார்ப்பது என்பது அவர்களின் அறிக்கையில் வரவில்லை. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரப்போகின்றன என்று கணக்குப் போட்ட கொழும்புக் கொம்பனி ஒன்று பட்டறையை எடுக்க முன்வந்தது. ஒரு நிபந்தனை: தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு மேற்பார்வையாளராவது அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர்கொழும்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார்கள். பெண்கள் வீட்டுக்குப் போகலாம்.

பட்டறை முகாமையாளர் வினாயகமூர்த்தி சான்றிதழுக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தார்.

மதிப்பீட்டு நாளில் ஹாட்னர் வரவில்லை. குண்டு செய்யலாம் என்று அந்தப் பொருளுக்குக் கட்டுப்பாடு. லொறியைச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். செய்முறை இல்லை, வாய்மொழி மட்டும் என்றார் மதிப்பீட்டாளர். அவருக்குச் சிங்களம் மட்டும் தெரியும். மொழிபெயர்க்க வந்தவர் கொழும்புத் தமிழர். வாசலில் நின்ற செல்லத்தங்கம் பிறகு எனக்குச் சொன்னது இது.

"ஹார்ட்னர் எப்போது கலப்பீர்கள்?"

"மெற்ற வெட்டி அடுக்கி, ரெசின அளந்து வச்சி, மறுகாதான் ஹாட்னர்."

"மறுகாலா?"

"ஓம். எப்பயும் மறுகாதான்."

எங்கள் பக்கத்தில் மறுகா என்றால் பிறகு. கொழும்புக்காரர் அதைத் திரும்பவும் என்று விளங்கிக்கொண்டார். அப்படியே சிங்களத்தில் சொன்னார். மதிப்பீட்டாளர் அதற்குமேல் கேட்கவில்லை.

முடிவு வந்தது. தேறவில்லை. காரணம்: ஹார்ட்னரை இரண்டு தடவை இடுகிறார், ஆபத்து. வினாயகமூர்த்தி அதை வாசித்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகுதான் நீர்கொழும்பு நினைவுக்கு வந்ததாம்.

வினாயகமூர்த்தி மேன்முறையீடு செய்தார். மறு மதிப்பீடு வரை பொறுப்பதாகக் கொம்பனி சொன்னது. நான் ஊருக்கு வந்தேன்.

"பிறகு எண்டு சொல்லுங்க அம்மா. அவ்வளவுதான்."

"வேலைக்குச் சோதனையா, நாக்குக்குச் சோதனையா?"

ஆனாலும் பழகினார். பெண்கள் விடவில்லை. "மச்சி, பிறகு குளிச்சயா? பிறகு தலை வாரினயா?" என்று அச்சடியில் பாட்டாகவே படித்தார்கள். அம்மா ரோலரை ஓங்கிக்கொண்டு துரத்தினார். அப்படிப் பழகியும் அவசரத்தில் மறுகாவே வாயில் வந்தது.

இரண்டாம் முறை ஹாட்னர் வந்தது. செய்முறை முழுவதும் செய்துகாட்டினார். அந்தக் கேள்வி வந்ததும் அம்மா ரோலரைக் கீழே வைத்தாராம். பிறகு, "கடைசியா" என்றாராம்.

தேறினார். நீர்கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை. ஒருத்தியும் வேலை இழக்கவில்லை.

கொம்பனி அம்மாவுக்குப் பட்டறையின் ஒரு கோடியில் ஓர் அறை கொடுத்தது. மேசை, கதிரை, மின் காற்றாடி. மேற்பார்வையாளர் வேலைத்தளத்தில் தொழிலாளரோடு இருந்து சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. பெண்கள் "மேடம்" என்றார்கள். முதலில் கேலிக்கு, பகிடிக்குத்தான். அம்மாவும் "போங்கடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் செல்லத்தங்கம் உருட்டிய பக்கத்தில் காற்றுக்குமிழ் இருந்தது. அம்மா அதை வெட்டி எடுத்துத் திரும்பப் போடச் சொன்னார். வேறு வழியில்லை, அந்த இடத்தில்தான் வள்ளம் பிளக்கும். செல்லத்தங்கம் "சரி மேடம்" என்று மட்டும் சொன்னார். அதில் பகிடி இல்லை. மற்றப் பெண்களும் அதைக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா தொலைபேசியில் சொல்வது குறைந்தது. "சாப்பிட்டன். வேலை நடக்குது. இண்டைக்கு வேலை தவிர வேற கதைச்ச ஆள் நீதான் புள்ள." நான் அப்போது கொழும்பில் வேலை செய்தேன்; வந்து என்னோடு இருக்கச் சொன்னேன்.

"நான் வந்தா வள்ளத்துக்கு ஆர் கையெழுத்து வைக்கிற? வெளியாளத்தான் கொண்டருவானுகள். இவளுகளும் பாஸாகட்டும்."

ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒருத்தியின் பெயரைக் கொடுத்தார். கொம்பனிக்கு அதில் அக்கறை இல்லை; ஒரு சான்றிதழ் அவர்களுக்குப் போதும். அம்மாதான் விண்ணப்பம் வாங்கினார், பெண்களை பஸ்ஸில் கூட்டிப்போனார். போகும் வழியில் அவர்கள் பின் ஆசனங்களில் இருந்து சிரித்துக் கதைத்தார்கள். அம்மாவுக்கு முன் ஆசனம் பிடித்துவைத்திருந்தார்கள்.

கடைசியில் செல்லத்தங்கம் தேறினார். அடுத்த நாளே அம்மா அறைச் சாவியை வினாயகமூர்த்தியின் மேசையில் வைத்தார்.

"இனி அவள் இரிக்கட்டும். நான் ரோலருக்குப் போறன்."

"உங்களுக்கென்ன விசரா அக்கா? ஆரும் இறங்கி வருவாங்களா?"

"எனக்கு அந்தக் காத்தாடி ஒத்துவருதில்ல தம்பி."

மதியம் சோற்றுப் பெட்டியோடு அச்சடிக்குப் போனார். செல்லத்தங்கம் அன்றிலிருந்து அறையில் சாப்பிட்டார். மற்றவர்கள் விலகி அம்மாவுக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி தன் மீன் துண்டை நீட்டி, "மேடம், வைக்கவா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று பின்னேரம் என்னோடு கதைத்தபோது அம்மா சொன்னார்: "நல்லாத்தான் பாத்தாளுகள் புள்ள. நானும் ஒரு பகிடி விட்டன். எல்லாரும் சிரிச்சாளுகள். அது மேடத்துக்குச் சிரிச்ச சிரிப்பு."