வெள்ளிப் பெட்டிக்குள் கராம்பு

வினாகிரித் தண்ணீரில் நனைத்த பழைய பத்திரிகைத் தாள் கண்ணாடியில் கீச்சென்று உரசும் சத்தம் கேட்டால், முப்பது வருடங்கள் கழிந்த பிறகும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நினைவுக்கு வரும். ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்தில் இருந்த ஒரு யூதர் கோயிலின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஓர் அருங்காட்சி அறை இருந்தது. அதைத் துடைத்துத் துப்புரவாக்குவதுதான் கனடாவில் அம்மாவுக்குக் கிடைத்த முதல் வேலை. டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, பத்து வயதான எனக்குப் பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. ஆகவே அம்மாவின் வாயும் காதுமாக நானும் கூடப் போவேன்.

அறைக்குப் பொறுப்பாக இருந்த ரூத்துக்கு எழுபது வயதிருக்கும். “உது என்ன, உது ஏன்” என்று வீட்டில் எல்லோருடைய உயிரையும் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, சலிக்காமல் பதில் சொல்லும் ஓர் ஆள் கிடைத்தது அங்கேதான். சுட்டுவிரல் நீட்டிய வெள்ளிக் கை ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. வேதச் சுருளைக் கைபடாமல் வாசிக்க அதைத்தான் வரிக்கு வரி நகர்த்துவார்களாம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது விளங்காமல் போகுமா? அந்த விரலுக்கு நகம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தேன், இருந்தது. அம்மா துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, என் சாண் உயரமுள்ள ஒரு வெள்ளிக் கோபுரம். உச்சியில் ஒரு கொடி, இடுப்பில் ஒரு குட்டிக் கதவு. அது வாசனைப் பெட்டி. சனிக்கிழமை பொழுதுபட்டு ஓய்வுநாள் முடிகையில், அதற்குள் கராம்பு போட்டு, வீட்டிலுள்ளவர்கள் கைக்குக் கை மாற்றி முகர்ந்து பார்ப்பார்கள் என்று ரூத் சொன்னார்.

ரூத் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்துவிட்டுப் போவார். உட்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அம்மா சாமித்தட்டு வைத்திருக்கிற மனுஷி. நேற்று வைத்த பூவை விடியக் காலையில் எடுத்தெறியாமல் விளக்கைத் தொடமாட்டார். “வாடினதைச் சாமிக்கு முன்னால வைச்சிருக்கிறதே? பாவம்” என்பார். ஒரு ஞாயிறு அந்தக் குட்டிக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே கிடந்தவை கறுத்துச் சுருங்கி, மணம் குணம் இல்லாத துரும்பாகியிருந்தன. அடுத்த ஞாயிறு வரும்போது கைப்பைக்குள் கடுதாசிச் சுருள் ஒன்று வந்தது. பழையது குப்பைப் பைக்குள் போக, எங்கள் குசினிக் கராம்பு கோபுரத்துக்குள் போனது. எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது.

இரண்டு கிழமை கழித்து, கோபுரத்தின் முன்னால் நின்ற என்னிடம் ரூத் தானாகவே கதை சொல்லத் தொடங்கினார். அது அவருடைய தாயின் பெட்டி. போருக்கு முன் போலந்தை விட்டு வெளிக்கிட்ட கிழமை, தங்கள் வீட்டில் கழிந்த கடைசிச் சனிக்கிழமையன்று தாய் தன் கையால் போட்ட கராம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஒருவரையும் தொடவிட்டதில்லை என்றார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே அவர் பெட்டியை எடுத்துக் கதவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “இன்னும் மணக்கிறது” என்றார். கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் இருந்தது.

“என்னவாம், ஏன் அழுறா?” என்று வாளியோடு நின்ற அம்மா கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அம்மாவின் வேலை போகும், ரூத்தின் சந்தோஷமும் போகும். “தாயை நினைச்சு அழுறா, அவ்வளவுதான்” என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் கேள்வி கேட்பது குறைந்தது.

அந்தக் கோயில் இருந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. ரூத் இறந்து வெகுகாலம். பொருட்கள் நகரத்துக்குள் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டு, போன மாதம் நாங்கள் இப்போது இருக்கும் ரூஜிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். கோபுரம் இருந்தது. பக்கத்து அட்டையில், உள்ளே இருப்பது ஒரு தாய் தன் வீட்டில் கடைசியாகப் போட்ட கராம்பு என்று எழுதியிருந்தது.

“என்ன எழுதிக் கிடக்கு?” என்று அம்மா கேட்டார். இந்த முறை என்னால் முழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “வீடு வாசலை விட்டிட்டு வந்தவள் நான். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியே?” என்றார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: “நான் கராம்போட ரெண்டு ஏலக்காயும் போட்டனான். அவ அழுததுக்குப் பிறகு, நீ வராத ஒரு நாள் ரூத் அந்த ஏலக்காயைக் கையில வைச்சுக்கொண்டு வந்து காட்டினவ. ஓம், நான் போட்டதுதான் எண்டு தலையாட்டினன். என்னையே பாத்துக்கொண்டு நிண்டிட்டு, திருப்பி உள்ளுக்கை போட்டுக் கதவைப் பூட்டினவ. பேந்து தேத்தண்ணி ஊத்தித் தந்தவ.”

தாயின் கராம்பு போய்விட்டதென்று அன்றே அறிந்துகொண்டுதான் ரூத் மிச்ச வருடங்களெல்லாம் அம்மாவை வேலைக்கு வைத்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கூப்பிடு ஆரையும். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு” என்றார் அம்மா. அங்கே பொறுப்பாக இருந்த பெண் பிள்ளை ஒருத்தி குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். பழையதை எறிந்ததும் புதியதைப் போட்டதும் தான்தான் என்றும், தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பதாகவும் அம்மா சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதி முடித்த பிள்ளை, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ரூத்துக்குத் தெரியுமெண்டும் எழுதச் சொல்லு.”