சூசை அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு சரியில்லையா, ஆசிரியரோடு சண்டையா, எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா...

உடம்புக்கு ஒன்றுமில்லை. சண்டையும் இல்லை. பத்தி எழுதித் தயாராகத்தான் இருந்தது. நான்தான் அனுப்பவில்லை. ஏன் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சித்திரபுரம் என்கிற மலை ஊரில் இருந்தேன். என் நண்பர் சண்முகம் எங்கள் பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளத்துக்காரர். தென்னந்தோப்பு, மாடு கன்று, வாய் நிறைய 'ங்க'. சித்திரபுரத்து மலை மேல் ஒரு சின்ன காட்டேஜ் வாங்கிப் போட்டிருக்கிறார். கூரையில் புத்தம்புது சோலார் பேனல். பின்பக்கத் தகரக் கொட்டகையில் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கிழட்டு டீசல் ஜெனரேட்டர். ரெண்டு நாள் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுங்க என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? சூரியன், காற்று, தண்ணீர் ஒரு கட்சி. நிலக்கரி, டீசல் எதிர்க்கட்சி. தீராதது எது, தீர்ந்துபோவது எது என்று ஒரு பட்டிமன்றம் — நடுவரும் நானே. டீசலைப் போட்டுக் கிழித்திருந்தேன். 'கோடி கோடி வருஷத்துக்கு முன்னால் செத்து மண்ணுக்குள் போன உயிர்களைத் தோண்டி எடுத்து எரிக்கிறோம். டீசல் வெளிச்சம் என்பது செத்தவர்களின் வெளிச்சம்' என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

மத்தியானம் ஒரு காற்றடித்தது. மடார் என்று எங்கோ ஒரு கிளை முறியும் சத்தம். ஃபேன் நின்றது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. சாயங்காலத்துக்குள் பத்தி போயாக வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் ராட்சசக் குழாய்களில் தண்ணீர் பாய்ந்து கரண்ட் பிறக்கிற ஊர் அது. பிறந்த வீட்டிலேயே கரண்ட் இல்லை! சரி, நமக்குத்தான் பேனல் இருக்கிறதே என்று பார்த்தால் அதுவும் செத்துக் கிடந்தது. வெளியே சுள்ளென்று வெயில். வீட்டுக்குள் கரண்ட் இல்லை. இது என்ன அநியாயம்?

சண்முகத்துக்கு போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"லைன்ல கரண்ட் போனா அது தானா நின்னுக்குமுங்க. நம்ம கரண்ட் லைன்ல ஏறிருச்சுன்னா, கம்பத்துல நிக்கறவன் கதி என்னங்க ஆவறது?"

எனக்குக் காது கேட்டது. மண்டையில் ஏறவில்லை. நல்ல வெயிலில் வேலை செய்யாத சோலார் எதற்கு என்று எரிச்சலோடு போனை வைத்துவிட்டு நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனேன்.

ஆணியில் ஒரு வயர் தொங்கியது. இரண்டு முனையிலும் பின். எங்கள் கிழக்குப் பாலக்காட்டுத் தோட்டங்களில் இது வெகு சகஜம். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகு, மறு முனையைச் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் சொருகு — வீடு முழுக்க விளக்கு எரியும். தோட்டத்து வீட்டில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கயிற்றை இழுத்தேன். இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. லேப்டாப் கண் திறந்தது. டீசலைத் திட்டிய பத்திக்கு டீசலே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அரை மணி நேரம் ஆகுமே... பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா காலையிலேயே பால் விடாத கட்டன் சாயா குடிக்கக் கூப்பிட்டிருந்தார். கிளம்பினேன்.

அந்த லைனின் கடைசியில் இருப்பது இரண்டே வீடு. சண்முகத்தின் காட்டேஜ், அதற்குக் கீழே அக்கா வீடு. நடுவில் ஒரு கம்பம். அக்கா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவர். கணவர் சூசை அண்ணன் ஆயுசு முழுக்கக் கம்பம் நடுகிற, கம்பி இழுக்கிற வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே மகன் ஜெரால்டு, காண்டிராக்டில் லைன்மேன்.

வெளியே வந்தபோது வெயில் காணாமல் போயிருந்தது. கீழேயிருந்து மஞ்சு, வெள்ளைப் பனிமூட்டம், ஏறிக்கொண்டிருந்தது. மேலே கம்பி அறுந்து, கடைசி இரண்டு வீட்டுக்குமான துண்டு மட்டும் தனியாகக் கிடந்தது. அறுந்த முனை கம்பத்துப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெரால்டு தோளில் கயிற்றோடு இறங்கி வந்தான். டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கினால் அதைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வருவது அவர்கள் வழக்கம். வேறு யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாது என்பதற்காக.

"ஃப்யூஸு பையில இருக்கு சார். எங்கன இருந்து கரண்டு வரப் போவுது? பத்து நிமிசத்துல கெட்டிருவேன்" என்று பையைத் தட்டிக் காட்டினான். பிறகு ஜெனரேட்டர் சத்தத்தைக் காதில் வாங்கி, சேஞ்ச்ஓவர் இருக்கிறதா என்று கேட்டான். வீட்டை லைனிலிருந்து வெட்டிவிட்டு ஜெனரேட்டரோடு சேர்க்கிற கைப்பிடி அது. எனக்கு அப்போது அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "எல்லாம் இருக்கு தம்பி" என்றேன்.

மூன்றே வார்த்தை. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா வீட்டு முன்னறை இருட்டிக் கிடந்தது. மஞ்சு வாசல் வரை வந்துவிட்டது. கண் பழகுவதற்கு முன்னால் முதலில் தெரிந்தது ஒரு சிவப்புப் புள்ளி.

சூசை அண்ணன் படம். மாலை. படத்துக்கு முன்னால் ஒரு ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு. முப்பதாம் நாள் பூசை முடிகிற வரைக்கும் எரிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

அது எரிந்துகொண்டிருந்தது.

வேறெங்கும் கரண்ட் இல்லை. ஃப்யூஸ் ஜெரால்டு பையில் இருக்கிறது. கம்பி அறுந்து தொங்குகிறது. பல்பு எரிகிறது.

அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயம் இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரக் காத்திருக்கிற முகம்.

"சத்தம் போடாதீக சார்" என்றார் மெதுவாக. "அவுக வந்திருக்காக."

பேய் பிசாசை நம்பாதவன் நான். இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் நான் பார்க்கப் பார்க்க அந்த பல்பு மங்கியது... பிறகு மெதுவாகப் பிரகாசமானது. மறுபடி மங்கியது. மூச்சு விடுகிற மாதிரி. படத்தில் சூசை அண்ணன் முகம் சிவந்து வருவதும் இருட்டுக்குள் போவதுமாக இருந்தது. கை கூப்பிவிட்டேன் — உண்மையைச் சொல்கிறேன், என்னையறியாமல் கூப்பிவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மேலே தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர் இருமியது. பல்பு மங்கியது. இருமல் தெளிந்தது. பல்பு பிரகாசமானது. இருமியது. மங்கியது.

வந்திருப்பது சூசை அண்ணன் இல்லை. நான் சுவரில் சொருகிய பின் வழியாக ஏறி, கம்பி வழியாக ஓடி, இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது என் டீசல். வருகிற வழியில் ஒரு கம்பம் இருக்கிறது. அறுந்து தொங்குகிற ஒரு முனை இருக்கிறது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு எங்கே போனது என்றும் தெரியாது. மஞ்சுக்குள் கம்பத்தின் பாதிதான் தெரிந்தது. மேலே இரண்டு கால். கயிற்றில் சாய்ந்துகொண்டு ஜெரால்டு தொங்குகிற முனையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கம்பியைத் தொடாதீங்க! கரண்ட் இருக்கு!"

அவன் கை அப்படியே நின்றது. கீழே பார்த்து, ஃப்யூஸு பையில இருக்கே சார் என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. பிறகு என் முகத்தில் என்ன பார்த்தானோ, டெஸ்டரை எடுத்து முனையில் வைத்தான்.

டெஸ்டர் எரிந்தது.

இறங்கி வந்து ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பையைத் திறந்து ஃப்யூஸ்களை எடுத்து எண்ணிப் பார்த்தான். திரும்ப உள்ளே போட்டான். திரும்ப எடுத்து எண்ணினான். நான் மேலே ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, அந்த வயரைப் பிடுங்கிக் கொட்டகையிலிருந்த அரிவாளால் மூன்று துண்டாக வெட்டினேன்.

அதன் பிறகு செய்ய வேண்டியிருந்த வேலைதான் கஷ்டம். அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். பல்பு அணைந்திருந்தது. இருட்டில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மகனைக் கொல்லப் பார்த்தேன் அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதேவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெரால்டு வந்து கதவோரம் நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அவுக வரலியா" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அக்காவே சொன்னார். கரண்டு திரும்பி வரும்போது ஒரேயடியாக வந்து பல்பு போய்விடும் என்பதால், கரண்டு போனால் உடனே அந்த பல்பின் சுவிட்சை அணைத்துவிடுவாராம். தினமும் அப்படித்தானாம்.

"இன்னைக்கும் அமத்தப் போனேன் சார். சுவிட்சுல கைய வச்சேன். இருக்கட்டும்னு தோணிச்சு. ஏன்னு தெரியல." படத்தைப் பார்த்தார். "வெளிச்சம் ஒங்க டீசலாவே இருக்கட்டும். என் கையப் பிடிச்சது யாரு?"

அணைத்திருந்தால் பல்பு எரிந்திருக்காது; நான் ஓடியிருக்கவும் மாட்டேன்.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பட்டிமன்றத்தைப் படித்தேன். எது புகை விடும், எது விடாது, எது தீரும், எது தீராது — எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கம்பத்தில் ஆள் இருப்பானே என்று நின்றுகொள்கிற பேனலைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் புத்தி எழுதியவனுக்கே இல்லாதபோது பத்தியில் எங்கிருந்து வரும்? அழித்துவிட்டேன்.

ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது — பேயை நினைத்து இல்லை, என்னை நினைத்து.