சிவப்புப் புள்ளி மேலே

பதுளைக் கடைவீதியில் ரேடியோ பழுது பார்த்த ஷுக்ரிக்கு நாற்பத்தோரு வயதில் தொழில் விட்டுப்போனது. கை நடுங்கவில்லை, கண்ணும் மங்கவில்லை. அவனே விட்டான். அந்தக் கதை பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து நல்லையாவின் கித்தாரில் தொடங்குகிறது.

ஷுக்ரியின் வாப்பா வாஹித்துக்கு மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன். மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை கொழும்பில் ரேடியோக் கடையில் நின்றவர். அவரிடம் ஆறு வருஷம் கைவேலை பழகிவிட்டு வந்து, வாப்பாவின் துணிக்கடையை இரண்டாகத் தடுத்துப் பலகைத் தரை போட்டு மேசையை வைத்தான். கல்யாணம் முடித்தது சின்ன மாமியின் மகள் ஸல்மாவை.

நல்லையா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்தவன். அவன் அப்பன் பங்களாச் சமையல்காரன். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போகும்போது தன் பழைய எலெக்ட்ரிக் கித்தாரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பனுக்கு அது என்னவென்றே தெரியாது. மகன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாசிக்கப் பழகினான். தோட்டத்தில் எந்தக் கல்யாணமும் அவன் கித்தார் இல்லாமல் நடந்ததில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம், பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. கித்தாரின் சத்தத்தைப் பெருக்க ஓர் அம்ப் வேண்டுமென்று நல்லையா வந்து நின்றபோது, டிரான்ஸ்ஃபோர்மர் தேடிக் கொழும்புக்கு எழுதியும் ஷுக்ரிக்குக் கிடைக்கவில்லை. செத்துப்போன பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து அம்ப் ஆக்கிக் கொடுத்தான். அந்த மாதிரி ரேடியோவில் டிரான்ஸ்ஃபோர்மரே கிடையாது. சுவரில் இருந்து வரும் கரண்ட் நேரே உள்ளிருக்கும் இரும்புத் தகட்டைத் தொடும். இரண்டு முனைப் பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் தகடு சும்மா கிடக்கும். திருப்பிச் சொருகினால் தகட்டில் கரண்ட் நிற்கும். அதனால்தான் அதை மரப்பெட்டிக்குள் அடைத்து, குமிழைக்கூட இரும்பில் வைக்காமல் செய்திருந்தார்கள். இது ஷுக்ரிக்குத் தெரியும். நல்லையாவுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் அது பாடியது. "கித்தார்ல வயர் சொருகுற இடத்தைத் தொட்டா சில நேரம் சுள்ளுன்னு கடிக்குது நானா" என்று நல்லையா ஒருநாள் சொன்னான். ஷுக்ரியை அண்ணனாக எண்ணி 'நானா' என்றுதான் கூப்பிடுவான். "கித்தார்க்காரனுக்கு அந்தக் கடியும் வேணும்" என்று ஷுக்ரி சிரித்துவிட்டான்.

அடுத்த சித்திரையில் கித்தார் கத்த ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டினால் போதும், பன்றியைப் பிடித்தமாதிரி ஒரே கீச்சல். அம்மன் கோவில் திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. இந்த முறை கித்தார் கத்தினால் பண்டாரவளையில் இருந்து ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் கொண்டுவந்துவிடுவதாகத் தோட்டத்துத் தலைவர் சொல்லியிருந்தார்.

ஷுக்ரி பென்சிலால், கித்தார்க் கம்பிகளுக்குக் கீழே சத்தத்தை வாங்கும் பிக்கப்பைத் தட்டினான். ஸ்பீக்கரில் டொக், டொக் என்று கேட்டது. நல்லையா குனிந்து அதற்குள் "ஏய்" என்றான். அவன் குரலே பெட்டிக்குள் இருந்து வந்தது.

"மைக்குச் செலவு மிச்சம் நானா."

"சிரிக்காத. உள்ளுக்குக் கொயில் சுத்தின கம்பி தளர்ந்து போச்சு. தலைமயிரவிட மெல்லிசு அது. ஸ்பீக்கர் கத்தினா அது ஆடுது. அது ஆடினா ஸ்பீக்கர் இன்னும் கத்துது."

"எங்க ஆத்தாவும் இராக்கம்மாவும் மாதிரி" என்றான் நல்லையா. அவன் தாய் பெரியாயிக்கும் மருமகளுக்கும் ஆகாது என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்ததுதான்.

ஷுக்ரி பால்மா டின்னில் மெழுகுவர்த்தியும் கொஞ்சம் தேன்மெழுகும் போட்டு, டின்னைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்கினான். நேரே நெருப்பில் வைத்தால் கொயில் சுற்றிய கட்டை நெளிந்துவிடும். பிக்கப்பைக் கழற்றி மெழுகுக்குள் முக்கினான். உள்ளே ஒளிந்திருந்த காற்று முட்டை முட்டையாக மேலே வந்தது. முட்டை நிற்கும்வரை இருவரும் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துத் துடைத்து, ஆறவைத்து மாட்டினான். தட்டினால் சத்தமில்லை. கீச்சல் போயே போய்விட்டது.

ஆனால் ஓர் இரைச்சல் மிச்சமிருந்தது. நல்ல கித்தார்களில் பிக்கப் மூடியையும் வாசிக்கும் கம்பிகளையும் ஒரு வயரால் அம்ப் தகட்டோடு சேர்த்துவிடுவார்கள், இரைச்சல் அடங்கும். இதில் அந்த வயர் இல்லை. ஷுக்ரி ஈயக்கோலைச் சூடாக்கி அந்த வயரைப் பற்றவைத்தான். இரைச்சல் அடங்கியது. அப்போதுதான் அந்த அம்ப் எது என்ற நினைப்பு அவனுக்கு வந்தது. பிளக் திரும்பினால் இனி வாசிக்கும் கம்பியிலும் கரண்ட் நிற்கும்.

வயரை வெட்டிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் கித்தார் அவ்வளவு சுத்தமாகப் பாடியது. நல்லையாவின் முகத்தையும் பார்த்தான். கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரைக் கடைச் சுவரில் வைத்து, வலது ஓட்டையில்தான் கரண்ட் என்று பார்த்து, திருகாணி அசையாமல் இருக்கப் பூசும் சிவப்பு அரக்கால் பிளக்கில் ஒரு புள்ளி வைத்தான்.

"இந்தப் புள்ளி எப்பவும் மேலே இருக்கணும்."

"ஏன் நானா?"

"கேட்டா நீ பயப்படுவாய். மேலே வச்சாப் போதும்."

நல்லையா ரப்பர்ச் செருப்போடு பலகைத் தரையில் நின்று அரைமணி நேரம் வாசித்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

திருவிழா அன்று பின்னேரம் மழை பெய்து விட்டிருந்தது. கோவில் முன்னால் மண் சொதசொதவென்று கிடந்தது. சாமிக்கு முன்னால் யார் செருப்புப் போடுவார்கள்? நல்லையா வெறுங்காலோடு நின்றான். தேயிலைப் பிக்டரியில் இருந்து இழுத்த வயர் கொட்டகைத் தூணில் தொங்கியது, அதன் நுனியில் பிளக் சொருகும் பெட்டியைத் தூணில் அறைந்திருந்தார்கள். இராக்கம்மா பிளக்கைச் சொருகினாள். நல்லையா கம்பியில் கைவைத்தான். கை திரும்பி வரவில்லை.

செய்தி மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்தது. ஷுக்ரி அன்று கடை திறக்கவில்லை.

பதினாறாம் நாள் அவன் தோட்டத்துக்குப் போனான். வரிசை வீடுகளான லயத்து வாசலில் பெரியாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் நல்லையாவின் நாலு வயது மகள் லெட்சுமி. இராக்கம்மாவைக் காணோம்.

"அவள ஏன் தேடுறீங்க?" என்றாள் பெரியாயி. "புள்ளிய மேல வைன்னு எம்மவன் நூறு தடவ சொன்னான். கீழ வச்சுச் சொருகிப்புட்டா. புருசனத் தின்னவளுக்கு இந்த லயத்துல எடமில்ல."

இராக்கம்மா மேல்லயத்தில் அண்ணன் அழகையாவின் வீட்டில் இருந்தாள். அழகையா ஷுக்ரியைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னான். "புள்ளி மேலதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணுறா நானா. எவன் நம்புறான். பெரியாயிக்கு இந்தியா போற கடதாசி வந்திருச்சு. பேத்தியக் கூட்டிக்கிட்டுப் போவாளாம், இவளக் கழிச்சுப்புட்டு."

திரும்புகையில் ஷுக்ரி கோவில் பக்கம் போனான். எவனும் தொடப் பயந்து அந்த வயர் அப்படியே தூணில் தொங்கியது. சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்தான். வலது ஓட்டையில் வெளிச்சம் வரவேண்டும். வரவில்லை. இடது ஓட்டையில் வந்தது. வயரை ஒட்டுப்போட்டவன் மாற்றி முடிந்திருந்தான். இங்கே புள்ளியை மேலே வைத்தால்தான் தகட்டுக்குக் கரண்ட் வரும். இராக்கம்மா சொன்னபடிதான் செய்திருக்கிறாள். அந்தப் புள்ளி அவன் கடைச் சுவருக்கு வைத்த புள்ளி. வேறு சுவரில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. தொழில் தெரிந்தவன் அவன். அப்படியிருந்தும் வைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து ஸல்மாவிடம் சொன்னான். அவள் சோற்றுப் பீங்கானைக் கீழே வைத்தாள்.

"பொலிஸ் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களாப் போய் ஏன் சொல்லணும்? மூணு புள்ள நமக்கும் இருக்கு."

இரண்டு கிழமை கடைக்குப் போய் உட்கார்ந்தான், ஒரு ரேடியோவைக்கூடத் திறக்கவில்லை. பெரியாயி அடுத்த புதன்கிழமை ரயிலேறுகிறாள் என்று அழகையா சொல்லி அனுப்பினான்.

திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சனம் கூடி நின்றது. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கட்டும் என்று ஷுக்ரி ஓரமாக நின்றான். பிறகு நடுவில் வந்தான்.

"இராக்கம்மா புள்ளிய மேலதான் வச்சா. பிழை என்னோடது" என்றான். வயர் கட்டியதையும், அந்த அம்ப் எப்படிப்பட்டது என்பதையும், நல்லையா ஏன் என்று கேட்டதையும், தான் சொல்லாமல் விட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். லெட்சுமியைக் கையில் பிடித்தபடி முன்வரிசையில் நின்ற பெரியாயி கேட்டாள்.

"அவளுக்காகப் பொய் சொல்ல உங்களுக்கு என்ன தந்தா?"

கூட்டத்துக்குள் இருந்து இராக்கம்மா வந்தாள். "அத்தைகிட்டயே குடுங்க நானா" என்றாள். "அவங்க கையாலயே பாக்கட்டும்."

எல்லாரும் கோவிலுக்கு நடந்தார்கள். ஷுக்ரி பெரியாயியின் காலடியில் பலகை போட்டு, டெஸ்டரின் தலையில் விரலை வைக்கச் சொல்லிக் காட்டினான். கிழவி வலது ஓட்டையில் வைத்தாள். இருட்டு. இடது ஓட்டையில் வைத்தாள். சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எம்மவனத் தின்னது இம்புட்டுத்தானா" என்றாள். பிறகு லெட்சுமியின் கையை விட்டாள். பிள்ளை தாயிடம் ஓடவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவளும் பாட்டி தாயைத் திட்டுவதைக் கேட்டுப் பழகியிருந்தாள். இராக்கம்மாதான் வந்து தூக்கிக்கொண்டாள்.

ஷுக்ரி அவள் முன்னால் நின்றான்.

"போங்க நானா" என்றாள் அவள். "ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல. அவரு ஏன்னு கேட்டப்ப சொல்லியிருக்கலாம்."

பெரியாயி தனியாகவே ரயிலேறினாள். பொலிஸ் வந்தது, வழக்கும் நடந்தது. ஷுக்ரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒன்பது மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்து கடையை ராத்தாவின் மகன் றவூப்புக்குக் கொடுத்துவிட்டு, அப்புத்தளையில் ஒரு மரக்கறிக் கடையில் தராசு பிடித்தான். எண்பத்தாறில் மௌத்தாகும்வரை அங்கேதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கந்தூரிக்குப் போனாலும் முதலில் சுவருக்குப் போய் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். சனம் சிரிக்கும். பாட்டுக்காரப் பையன்களைச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுவான். ஏன் என்று ஒருவன் கேட்டால், உட்கார்ந்து முழுவதையும் சொல்லுவான், நல்லையாவின் பெயரிலிருந்து தொடங்கி.