சரசு சொன்ன சி.ஐ.டி

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு இங்கிலீஷ் படம் தமிழ் பேசிக்கொண்டு ஓடியது. மகன்தான் போட்டான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிற உளவாளிப் படங்களில் அதுவும் ஒன்று. பெயரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. ஆகாயத்தில் விமானம் வெடிக்கிறது. கதாநாயகன் தலைகீழாக விழுந்துகொண்டே சட்டைக் கையின் பொத்தானை நிதானமாகப் போடுகிறான். போட்டு முடித்து நம்மைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறான்.

"பாரும்மா, இவனே இவனக் கிண்டல் பண்ணிக்கறான்" என்று மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்து, பேரன் எடுக்கிற வயதில், எனக்குச் சரசு மேல் பொறாமை வந்தது. இவர்கள் கோடி கோடியாகக் கொட்டி இப்போது செய்கிறதை அவள் அன்றைக்கே, கையில் கிழங்குக் கத்தியோடு உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் வாடையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஊறிய தண்ணீர் புளித்து எழுகிற வாடை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலைச் சாத்துவார்கள். எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறினால் யாரோ கதை சொல்ல ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் போன முதல் வேலை புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலை. லாரியில் வந்து கொட்டும் கிழங்குக் குவியலைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் உரிப்போம். அம்மாவும் அங்கேதான். அம்மாவுக்கு எதிரில் சரசு. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான்.

நான் எப்போதும் யார் முதுகுக்காவது பின்னால்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள். சரசுவுக்கு என் வயதுதான். அவளுடைய மாமா ராசிபுரத்தில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். அதனால் அவள் எந்தப் படத்தையும் விடமாட்டாள். பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வாள். எல்லோருக்கும் பிடித்தது தமிழ் பேசுகிற இந்த உளவாளிப் படங்கள்தான். உளவாளி என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அவன் சி.ஐ.டி.

ஆரம்பத்தில் அவள் சொன்னால் பயமாக இருக்கும். லிப்டுக்குள் சி.ஐ.டியைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு கதை. லிப்டு என்றால் என்ன என்று ஒரு அக்கா கேட்டாள்.

"கெணத்துல வாளி போய்ட்டு வருதில்லீங்க, அதுக்குள்ள மனுசன் நின்னா எப்படி? அதுதானுங்க" என்றாள் சரசு. அப்புறம் தண்ணீர் அவன் கழுத்துக்கு ஏற ஏற, ஒரு கத்தியும் ஓடவில்லை. மேஸ்திரி வந்து கத்திய பிறகுதான் நாங்கள் கிழங்கைப் பார்த்தோம்.

ஒரு தடவை வேறொரு சி.ஐ.டி வந்தான். பெயர் அதேதான், முகம்தான் வேறு. பழைய நடிகர் போய்ப் புதியவர் வந்திருந்தார். அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "அதெப்படி சாமி மூஞ்சி மாறும்?" என்று கேட்டாள்.

"சி.ஐ.டின்னா வேசம் மாத்தறதுதானே தொழிலுங்க. எதிரிக அடையாளங் கண்டுக்கிட்டாங்க, மூஞ்சிய மாத்திக்கிட்டான்."

பொட்டலம் கட்டி வந்த ஒரு வாரப்பத்திரிகைத் தாளில் அந்த நடிகர்கள் விஷயத்தை நான் படித்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வட்டத்தில் வாயைத் திறந்து, "அது வேற ஆளும்மா, நடிக்கறவர மாத்திட்டாங்க" என்றேன்.

"நீ சும்மாரு சாமி. படம் பாத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. நான் சொன்னது உண்மை. உண்மைக்கு அங்கே உட்கார இடமில்லை. பிறகு எல்லோரும் சரசு கதைக்குச் சிரித்தபோதும் நான் மட்டும் சிரிக்காதது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கதை சிரிப்பாக மாறியது ஒரு தவறால்தான். சி.ஐ.டி வில்லனிடம் துப்பாக்கியைக் கீழே போடச் சொல்கிற இடம். பெரியவர்கள் முன்னால் 'போடுடா' என்று சொல்ல சரசுவுக்கு வாய் வரவில்லை. "மரியாதையா துப்பாக்கியக் கீழ போட்ருங்க" என்று சொல்லிவிட்டாள்.

"அட, மரியாதையாத்தான் சொல்றான்" என்று யாரோ சொல்ல, ஆலைக் கொட்டகையே சிரித்தது. அம்மா சிரித்தால் முதலில் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே சத்தமாக வெளியே வரும். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த எனக்கு அந்தக் குலுக்கல்தான் முதலில் தெரியும். எனக்காக ஒரு தடவையும் அப்படிக் குலுங்காத தோள். "இது எனக்கு மவளாப் பொறந்திருக்கலாம். நம்மூட்லயும் ஒண்ணு இருக்குதே, வாயில கொழுக்கட்டைய வெச்ச மாதிரி" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அடுத்த கதையில் சரசு அதைத் தெரிந்தே செய்தாள். அதற்கடுத்த கதையில் வில்லன் சி.ஐ.டியைப் பார்த்து, "வாங்க மாப்ள, சாப்டீங்களா?" என்றான். போகப் போக சி.ஐ.டி வெடிகுண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு மோர் கேட்டான். மலையிலிருந்து குதிக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டினான். படத்தில் அவன் கோட்டு போட்டிருந்தான் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அவன் சாகமாட்டான் என்று தெரிந்ததும் பயம் போயிற்று. சரசு வாயைத் திறக்கும்போதே சிரிப்பு தயாராக இருக்கும். ஒரு கதையில் அவனுடைய கூட்டாளி சுடப்பட்டுச் சாகிறான். அதை அவள் குரல் தழுதழுக்கச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். அவள் முகம் கொஞ்சம் வாடியதை நான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் கதை நடுவில் சரசு சொன்னாள்: "சி.ஐ.டியக் கட்டிப் போட்டுட்டாங்க. என்னையும் அப்படித்தான் கட்டிக் குடுக்கப் போறாங்க. போர் போடற ரிக் வண்டிக்காரனாம். மொதல்ல கட்டுனவள அடிச்சே தொரத்துனவன். எனக்கு வேண்டாமுங்க."

அந்த 'வேண்டாமுங்க'வுக்கு அம்மாதான் முதலில் குலுங்கினாள். வட்டமே சிரித்தது. சரசுவும் பழக்கதோஷத்தில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொறாமைக்காரிக்குச் சிரிப்பு எங்கே வரும்? சிரிப்புச் சத்தத்துக்கு அடியில் அவள் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

தொட்டியில் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்று, "நெசமாவா?" என்றேன்.

"நீ மட்டுந்தான் சிரிக்கல" என்றாள். கண் நிறைந்திருந்தது. நான் சிரிக்காததைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள். "எங்கப்பனுக்கு உங்கம்மா அக்கா மொறை. அவங்க பேசுனா கேப்பாரு. நாஞ் சொன்னா உங்கம்மா சிரிக்கறாங்க. நீ சொல்லு புள்ள."

அன்று சாயங்காலம் அம்மா குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். நான் திக்கித் திக்கி ஆரம்பித்தேன். ரிக் வண்டிக்காரன், முதல் மனைவி, அடி. ஒரு ஜோடனையும் இல்லாமல் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"அவ சொன்னப்ப சிரிச்சுப்புட்டனே கண்ணு" என்றாள். அப்படியே முந்தானையைச் செருகிக்கொண்டு சரசு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே என்ன பேசினாளோ, அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

அதோடு சரசு கதை சொல்வதும் நின்றுபோயிற்று. "என்ன புள்ள, சி.ஐ.டி என்ன ஆனான்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். "வேலைய உட்டு நின்னுட்டானுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கத்திகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நாள் நான் ஆசைப்பட்ட இடம் காலியாகக் கிடந்தது. அம்மாவே பின்னால் திரும்பி, "நீ ஒரு கதை சொல்லேன் சாமி" என்றாள். நான் பார்த்திருந்த ஒரே சி.ஐ.டி படத்தை, கோட்டோடும் சூட்டோடும், படத்தில் இருந்தபடியே ஒழுங்காகச் சொன்னேன். அம்மா கடைசி வரை கேட்டாள். "நல்லாருக்குது சாமி" என்றாள். தோள் அசையவில்லை.

பிறகு சரசுவுக்கு எருமப்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. கோழிப்பண்ணை வைத்து நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. அந்த ஆலையில் இப்போது இயந்திரம் தோல் உரிக்கிறது. வட்டமாக உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். படுக்கையில் கிடந்த நாட்களிலும் பார்க்க வந்தவர்களிடம் 'வாங்க மாப்ள, சாப்டீங்களா' கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு அடிப்பிடித்த அந்தச் சாயங்காலத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வேலையெல்லாம் முடிந்து ஓய்ந்து உட்காரும்போது அம்மாவின் சிரிப்பை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். தோள் குலுங்குவது தெரிகிறது. சத்தம் வருகிற இடத்தில் சரசுவின் குரல் முந்திக்கொள்கிறது, அதன் பின்னால்தான் அம்மா சிரிக்கிறாள். அவள் குரல் இல்லாமல், அம்மா சிரிப்பை மட்டும் தனியாகக் கேட்கப் பல தடவை முயன்றுவிட்டேன். வருவதில்லை.