புர்கி திருத்திய முகம்

வியன்னாவின் ஹெர்னால்ஸ் பக்கத்தில் புர்கி கிரம்மரின் பென்சிலுக்குத் தப்பிய மூஞ்சிகள் குறைவு. போட்டோ ஸ்டூடியோவில் பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. முகம் பதிந்த கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, சுருக்கத்தையும் கருவளையத்தையும் கூர்பென்சிலால் மறைக்க வேண்டும். அம்மைத்தழும்புக்காரர்கள் வழவழவென்று வெளியே போவார்கள். மணப்பெண்களின் பயத்தைக்கூட அவள் எடுத்திருக்கிறாள். உள்ளதை உள்ளபடி காட்டினால் அந்தக் கடைப் பக்கம் யார் வருவார்கள்? அதில் அவள் கெட்டிக்காரி, அந்தப் பெருமையும் அவளுக்கு உண்டு.

கணவன் வின்சென்ஸ் டிராம் ஓட்டினான். 1911 அக்டோபரில் ஒரு மழைநாள், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி தண்டவாளத்தைக் கடந்த வேலைக்காரக் கிழவி ஒருத்தி அவன் வண்டியில் அடிபட்டுச் செத்தாள். அவன்மேல் குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. மறுவாரம் வேலைக்குத் திரும்பினான். வழக்கம்போலச் சாப்பிட்டான், வழக்கம்போலக் கிண்டலடித்தான். புர்கி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று மனதார நம்பினாள், பாவி.

அவர்கள் அடுப்படி மூலையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான் ரைமுண்ட் என்ற இளம் ஓவியன். டிசம்பர் ஞாயிறுகளில் வின்சென்ஸை ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்தான். படம் முடிந்த அன்று புர்கி அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். பச்சை பூத்த கன்னம். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. இரண்டும் எதிரே எதையோ கண்டு அப்படியே நின்றுவிட்டன. மடியில் இரண்டு கைகள், பெருவிரலை உள்ளே அடக்கி இறுக்கியபடி.

"தங்க எடம் குடுத்ததுக்கு எம் புருஷன பொணமாக்கிட்டீங்களா, ரைமுண்ட் தொரை?"

"நான் எதையும் சேக்கல, கிரம்மரம்மா. சும்மா உக்காந்திருக்கறப்ப அவர் இப்படித்தான் இருக்கார். நீங்க பாத்ததில்லையா?"

"பதிமூணு வருஷமா பாக்கறேன். நேத்து வந்த நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்!"

வின்சென்ஸ் மட்டும் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். "இருக்கட்டும் புர்கி. சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டு. ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கே."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"அந்தக் கிழவி இருக்காளே..." என்று ஆரம்பித்தான்.

"பழசக் கிண்டாத. சூப்பு ஆறுது, வா."

அவன் வந்து உட்கார்ந்து சூப்பைக் குடித்தான்.

படம் மேசைக்கு மேலே சுவரில் ஏறியது. அதை அன்பளிப்பாக விட்டுவிட்டு ரைமுண்ட் புது வருடத்தில் வேறு இடம் போய்விட்டான். ஜனவரி இருபத்திரண்டு புனித வின்சென்ஸ் நாள். பிறந்தநாளை விட்டாலும், தன் பெயருள்ள புனிதரின் நாளான பெயர்நாளை விடாதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். டிராம் டிப்போவே விருந்துக்கு வீட்டுக்கு வரும். இந்த மூஞ்சியைப் பார்த்தால் கொலைகாரன் மூஞ்சி என்று சொல்ல மாட்டார்களா? கோர்ட்டே விட்டுவிட்டவனை ஒரு படம் காட்டிக்கொடுக்கலாமா?

புர்கி ஸ்டூடியோவில் போட்டோவுக்கு வண்ணம் போடும் எண்ணெய்ச் சாயத்தை எடுத்துவந்து, அவன் வேலைக்குப் போயிருந்த இரண்டு பகலில் முகத்தைச் சரிசெய்தாள். கன்னம் சிவந்தது. கண்கள் ஒரே அளவுக்கு வந்தன. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் ஏறியது. கைகளுக்கு நேரமில்லை. கசகசா கேக்கையும் ஒயின் பாட்டில்களையும் முன்னால் வைத்தால் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டாள். விருந்துவரை படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தாள்.

"இதாண்டா நம்ம வின்சென்ஸ்! புது மாப்ள கணக்கா இருக்கான்!" என்று டிப்போக்காரர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். வின்சென்ஸ் நிமிர்ந்து பார்த்தான். படத்தில் இருந்தது போலவே சிரித்தான்.

எல்லோரும் போன பிறகு சொன்னான்: "நல்லா செஞ்சிருக்க, புர்கி. ஒரு அடையாளம்கூட இல்ல."

அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பியவன் டிப்போவுக்குப் போகவில்லை. மதியம் அவன் உடலைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். பிணவறையில் உடல் காட்டிய ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கையக் கோத்து வைக்கணும்னு பாத்தோம்மா. பெருவிரல உள்ள வச்சு இறுக்கிட்டார். நிமித்தவே முடியல."

வீட்டுக்கு வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தகடு சுரண்டும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தான் பூசியதை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அடியில் இருந்த வண்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை, இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. சிரிப்போடு வாயும் வந்தது. கன்னத்தோடு அந்தப் பச்சையும் வந்தது. கண்களையும் சுரண்டி எடுத்தாள். கடைசியில் முகம் இருந்த இடத்தில் வெறும் துணிதான் தெரிந்தது. கீழே, அவள் தொடாத இரண்டு கைகள் அப்படியே இருந்தன.

கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, அவனுக்கு எதிரே உட்காருவது போல உட்கார்ந்தாள்.

"கிழவியப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே வின்சி," என்றாள். "சொல்லு. கேக்கறேன்."